மறக்கச் சொல்லாத மருத்துவர்: டாக்டர் ரிவர்ஸ் சரித்திரம்

தூத்துக்குடிக் கடற்கரையிற் பிறந்து வளர்ந்தோர்க்கு முத்துக் குளிப்பின் கதைகள் புதியனவல்ல. கயிற்றிற் பிணைத்த கல்லின்மேற் காலூன்றி ஆழத்திற் சென்று, மூச்சடக்கிச் சிப்பி வாரி, தோணியிற் கயிறு பிடித்திருப்பவன் மேலிழுக்க வெளிவந்து, சற்றே இளைப்பாறி மீண்டும் மூழ்கிய மக்கள் நம் முன்னோர். 1961-ஆம் ஆண்டிற்குப் பின் இக்கரையிற் பெரிய முத்துக் குளிப்பு நிகழ்ந்ததில்லை. எனினும் அக்கதைகள் வீடுகளில் இன்றும் வழங்குகின்றன. அவற்றுள் இரண்டு செய்திகள் தவறாது இடம்பெறும். கடலோரத்தாரின் கண் மற்றையோர் கண்ணினும் கூரியது என்பது ஒன்று. அவர்தம் நெஞ்சு அச்சம் அறியாதது என்பது மற்றொன்று. இவை கேட்பதற்கு இனியவையே. ஆயின், மெய்யோ? மெய்யாயின் எவ்வளவு மெய்? இத்தகைய வினாக்களைக் கருவிகொண்டு அளந்து, கண்டதைக் கற்றோர் அவையிற் கூசாது எடுத்துரைத்த ஒருவரின் வரலாற்றை இங்கே சுருக்கமாக வரையப் புகுகின்றோம். அவர் டாக்டர் வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேயர், மருத்துவர், உளநூற் புலவர்.

ரிவர்ஸ் தமிழ்நாட்டில் ஆராய்ந்த மக்கள் மலைவாணரேயன்றிக் கடல்வாணரல்லர். ஆயினும் நம் கரைக்கும் அவருக்கும் தொடர்பு இல்லாமற் போகவில்லை. சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் என்பார் 1889-ஆம் ஆண்டில் தூத்துக்குடி முத்துக் குளிப்பை நேரிற் கண்டு, மன்னார்க் குடாக்கடலின் முத்து, சங்கு ஆகியவற்றைப் பற்றி 1890-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரே பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்தபோது அவருக்குத் துணைநின்றவர். அன்றியும், ரிவர்ஸ் முதன்முதல் மனிதரின் புலன்களை அளக்கச் சென்ற தீவுகள் முத்துச் சிப்பி எடுக்கும் கடலின் நடுவே கிடப்பவை. ஆதலின் அவர் சரித்திரம் நமக்கு முற்றும் அயலாரின் சரித்திரம் அன்று.

ரிவர்ஸ் 1864-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் கென்ட் நாட்டிலுள்ள சாத்தம் நகரின் அருகே பிறந்தார். தந்தையார் ஹென்றி ரிவர்ஸ் ஒரு குருவானவர். அதனோடு திக்குவாயைத் திருத்தும் பயிற்சியிலும் பேர்பெற்றவர். தாய்மாமன் ஜேம்ஸ் ஹன்ட் என்பாரும் அத்தொழிலில் முன்னரே புகழடைந்தவர். ஊரார் பிள்ளைகளின் நாவைத் திருத்திய அக்குடும்பத்திற் பிறந்த நம் ரிவர்ஸுக்கே திக்குவாய் இருந்தது என்பது வியப்பாகும். அது வாழ்நாளில் முற்றும் நீங்கவில்லை. அவையேறிப் பேசுவதற்கு அஞ்சி ஒதுங்குதற்கு ஒருவருக்குக் காரணம் வேண்டுமாயின் இதனினும் பெரிய காரணம் யாது? அவரோ ஒதுங்கினாரல்லர்.

அவரிடம் இன்னுமொரு விந்தையும் இருந்தது. கண்ட பொருளைக் கண்மூடி மனக்கண்ணிற் காணும் ஆற்றல் நம்மிற் பெரும்பாலோர்க்கு இயல்பாக உண்டு. அவருக்கோ விழித்திருக்கும் பொழுதில் அவ்வாற்றல் மிகக் குறைவு. ஐந்து வயது வரையில் தாம் வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் அவர் நினைவில் நின்றது. மேல்தளமோ நினைவில் அறவே இல்லை. ஒரு மனிதனுடைய வாழ்க்கையின் ஒரு பகுதி அவனுக்கே தெரியாமல் மறைந்திருத்தல் எங்ஙனம் என்னும் கேள்வி அவரைவிட்டு நீங்கவில்லை. தம் குறையையே தம் ஆராய்ச்சிக்குப் பொருளாக்கிக்கொண்ட பெருமை அவருடையது.

டன்பிரிட்ஜ் பள்ளியிற் கல்வி கற்று வருகையில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் உபகாரச் சம்பளப் பரீக்ஷைக்கு ஆயத்தமாகும் காலத்தில், டைபாய்டு சுரம் அவரைப் பற்றியது. பரீக்ஷை தவறிற்று, கேம்பிரிட்ஜ் கனவும் அப்போதைக்குக் கலைந்தது. மனந்தளராது இலண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவசாலையில் வைத்தியம் பயின்று, 1886-இல், தம் இருபத்திரண்டாம் வயதிற் பட்டம் பெற்றார். பின்னர்க் கப்பல் வைத்தியராக ஜப்பானுக்கும் வட அமெரிக்காவுக்கும் சென்று மீண்டார். நரம்பு நோய் மருத்துவசாலையிற் பணிபுரிகையில், நரம்பின் நோய்க்கும் உள்ளத்தின் நோய்க்கும் உள்ள உறவு அவர் சிந்தையைக் கவர்ந்தது. 1892-இல் ஜெர்மனியிலுள்ள ஜீனா நகருக்குச் சென்று சில மாதம் தங்கினார். உளநூலே இனித் தம் வழி என்று அங்கே துணிந்தார்.

அக்காலத்தில் உளநூல் தனிச் சாஸ்திரமாகத் தலையெடுத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. லைப்சிக் நகரில் வுன்ட் என்னும் பேராசிரியர் 1879-இல் நிறுவிய சோதனைச்சாலையே அதன் தொட்டில். உள்ளத்தைத் தராசில் இடுவதா என்று தத்துவப் புலவர் நகைத்தனர். இது தத்துவமேயன்றிச் சாஸ்திரமன்று என்று விஞ்ஞானிகள் ஒதுக்கினர். இவ்விரு திறத்தாருக்கும் இடையே 1893-இல் ரிவர்ஸ் கேம்பிரிட்ஜ் புகுந்து, புலன்களின் தொழிலைக் கற்பிக்கலானார். சுரத்தால் ஒருகால் மூடிய கதவு இவ்வாறு ஆசிரியராகவே அவருக்குத் திறந்தது. 1897-இல் அங்கே சோதனை உளநூலுக்கு விரிவுரையாளராக நியமனம் பெற்றார். இங்கிலாந்தில் அச்சாஸ்திரத்தைச் சோதனைச்சாலை வழியே பயிற்றிய முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

1898-ஆம் ஆண்டில் ஆல்பிரட் கார்ட் ஹாடன் என்பார் தலைமையில் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினித் தீவுக்கும் இடையேயுள்ள டாரஸ் நீரிணைக்குச் சென்றது. ரிவர்ஸும், அவர் மாணாக்கராகிய மயர்ஸ், மக்டூகல் என்போரும் அக்குழுவில் இருந்தனர். உளநூற் கருவிகளைச் சோதனைச்சாலையினின்றும் எடுத்துச்சென்று, தொலைநாட்டு மக்களை அவர்தம் ஊரிலேயே முறைப்படி சோதித்த முதல் முயற்சி இதுவே என்பர். நாகரிகம் எட்டாத மக்களுக்குக் கழுகின் கண்ணும் மானின் செவியும் உண்டென்று அந்நாளிற் பிரயாணிகள் பலர் எழுதி வைத்திருந்தனர். அக்கூற்றை ரிவர்ஸ் அப்படியே ஏற்கவும் இல்லை. அப்படியே தள்ளவும் இல்லை. அளந்தார்.

அளந்து கண்டது யாது? மரே தீவினரின் கண் ஐரோப்பியர் கண்ணினும் சற்றே மேம்பட்டதாயினும், வியக்கத்தக்க அளவினதன்று என்பதே. அங்ஙனமாயின், மிகத் தொலைவில் வரும் கப்பலை அவர்கள் பிறருக்கு முன்னே இன்னதென்று சொல்லியது எவ்வாறு? கண்ணின் கூர்மையாலன்று, பழக்கத்தின் கூர்மையால் என்று அவர் விளக்கினார். நம் துறைமுகத்தில் இதனை எவரும் சோதிக்கலாம். தொடுவானில் ஒரு புள்ளி தோன்றுகின்றது. நகரத்திலிருந்து வந்த விருந்தினருக்கு அது புள்ளியே. தோணிக்காரருக்கோ பாயின் சாய்வாலும் அசைவின் இயல்பாலும் அது இன்ன வகைத் தோணி என்று விளங்கிவிடும். இருவர் கண்ணும் ஏறத்தாழ ஒன்றே, அறிவு வேறு. கண் காண்கின்றது என்று நாம் சொல்வதிற் பெரும்பகுதி, கற்ற உள்ளம் காண்பதேயாகும்.

இரு சமமான கோடுகளுள் ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கியும், மற்றொன்றின் முனைகளில் வெளிநோக்கியும் வரைந்தால் ஒன்று நெடிதாகவும் மற்றொன்று குறிதாகவும் நம் கண்ணுக்குத் தோன்றும். இம்மயக்கம் அத்தீவினருக்கு ஆங்கிலேயரினும் குறைவாகவே உண்டாயிற்று. வேறொரு மயக்கமோ அவர்க்கு மிகுதியாக இருந்தது. ஆகவே ஓரினத்தார் எல்லாவற்றிலும் ஏமாறுவர், மற்றோரினத்தார் எல்லாவற்றிலும் தெளிவர் என்னும் எளிய முடிபு நில்லாதாயிற்று. இதனால் ரிவர்ஸ் தம் காலத்தின் தப்பெண்ணங்களை முற்றும் கடந்தார் என்று கூறுதல் தகாது. புலனறிவில் மிகுந்த நாட்டம் உயர்ந்த சிந்தனைக்கு இடையூறாகும் என்று அத்தீவினரைப் பற்றி அவர் எழுதியதைப் பின்வந்த அறிஞர் ஏற்கவில்லை. அளவு நின்றது; அளவின்மேற் கட்டிய அனுமானம் வீழ்ந்தது. இதுவும் மாணவர் கருதத்தக்கதே.

1901-ஆம் ஆண்டில் இலண்டனிற் பிரிட்டிஷ் உளநூற் சங்கம் தோன்றியபோது அதனை நிறுவிய பதின்மருள் ரிவர்ஸும் ஒருவர். அவ்வாண்டிலேயே அவர் நீலகிரிக்கு வந்து, 1902 வரையில் தோடர்களிடையே ஆராய்ச்சி செய்தார். ஒவ்வொரு குடும்பத்தின் வமிசாவளியையும் பெயர் பெயராகக் கேட்டெழுதி, அதிலிருந்து மணமுறை, உறவுமுறை, சடங்கு ஆகியவற்றைத் தெளிதல் அவர் கண்ட புதுமுறை. நம் தமிழில் மாமன் என்னும் ஒரு சொல் தாயுடன் பிறந்தவனையும் மனைவியின் தந்தையையும் குறிக்கின்றது. அத்தை என்னும் சொல்லும் அவ்வாறே இருபொருள் படுகின்றது. முறைப்பெண்ணை மணக்கும் வழக்கமுடைய மக்களுக்கு இது இயல்பேயாகும். இத்தகைய சொற்களை நுணுகி நோக்கின் ஒரு சமூகத்தின் பழைய மணவழக்கம் வெளிப்படும் என்பது ரிவர்ஸின் கொள்கை. இந்தியாவில் உறவினர்க்குள் நிகழும் திருமணத்தைப் பற்றி 1907-இல் அவர் தனிக்கட்டுரையும் வரைந்தார்.

தோடரிடையே அவருக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. மறைவான சடங்குகளை அவருக்குத் தெரிவித்தோர் சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் வந்தன. மறையை வெளியிட்டதே காரணம் என்று அம்மக்கள் கருதினர். அதன்பின் பலர் வாய்திறக்கவில்லை. தம் ஆராய்ச்சி குறைபட்டு நின்றதன் காரணத்தை அவர் மறைக்காமல் தம் நூலின்கண்ணே எழுதிவிட்டார். தோடர்களைப் பற்றிய அப்பெருநூல் 1906-இல் வெளிவந்தது. அவர்தம் புலன்களைச் சோதித்த செய்தி, 1904-இல் அவரும் வார்ட் என்னும் பேராசிரியரும் தொடங்கிய பிரிட்டிஷ் உளநூற் பத்திரிகையில் 1905-இல் வெளியாயிற்று. ஊராளி, சோளகர் என்னும் மலைவாணரின் பார்வையைப் பற்றிய கட்டுரை 1903-இற் சென்னைப் பொருட்காட்சிச் சாலையின் வெளியீட்டில் வந்தது. ஆதலால் தமிழ்நாட்டில் நிகழ்ந்த உளநூற் சோதனைகளுள் இவை மிகப் பழையனவற்றைச் சேர்ந்தவை.

பிறரைச் சோதிப்போர் தம்மையும் சோதனைக்கு உட்படுத்தவேண்டும் என்பது அவர் ஒழுக்கம். 1903-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் நண்பரும் நரம்பு வைத்தியருமாகிய ஹென்றி ஹெட் என்பார் தம் இடக்கையின் உணர்ச்சி நரம்பொன்றைத் தாமே விரும்பி அறுத்துப் பொருத்தச் செய்தார். உணர்ச்சி எவ்வாறு திரும்புகின்றது என்று நான்காண்டுக் காலம் ஓய்வு நாட்களிற் கேம்பிரிட்ஜில் ரிவர்ஸ் அக்கையைச் சோதித்து வந்தார். அடுத்து, மதுவும் காப்பியின் சத்தும் களைப்பை எங்ஙனம் மாற்றுகின்றன என்று ஆராய்ந்தபோது தாமே அவற்றை உட்கொண்டு விரலின் உழைப்பை அளந்தார். முன்னோர் செய்த சோதனைகளில் ஒரு பிழை இருப்பதை அவர் கண்டார். உண்பது மருந்தென்று அறிந்தவன் உள்ளம் அவன் கையை ஏமாற்றிவிடும். ஆகவே மருந்துள்ள கலவையும் மருந்தில்லாத கலவையும் சுவையில் வேறுபடாதபடி அமைத்து, எது எதுவென்று அறியாமலே உட்கொண்டார். இன்று மருந்துச் சோதனைகள் பலவற்றில் விதியாக நிற்கும் இம்முறையைத் தொடக்கத்திற் கைக்கொண்டோருள் அவரும் ஒருவர். 1906-இல் அரச மருத்துவக் கழகத்தின்கண் இதனைச் சொற்பொழிவுகளாக நிகழ்த்தினார். 1908-இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார்.

1911-இற் போர்ட்ஸ்மத் நகரிற் கூடிய பிரிட்டிஷ் சங்க மகாநாட்டில் மானிடநூற் பகுதிக்கு அவர் தலைவர். தலைமையுரையில், தாம் அதுகாறும் கொண்டிருந்த கொள்கையினின்றும் மாறிவிட்டதை வெளிப்படையாக அறிவித்தார். எல்லா மக்களும் ஒரே படிவழியே தாமாக உயர்ந்தனர் என்னும் கொள்கையை விடுத்து, மக்கள் கலந்து பழகியதாற் பழக்கங்கள் பரவின என்னும் கொள்கையை மேற்கொண்டார். பிற்காலத்தில் அக்கொள்கையை அவர் அளவுக்கு மிஞ்சி நீட்டினார் என்பதே இன்றைய அறிஞர் தீர்ப்பு. ஆனால் தலைவர் இருக்கையிலிருந்து தம் பிழையைத் தாமே கூறுதற்கு வேண்டிய நெஞ்சுரம் எத்தனை பேரிடம் உண்டு?

1914-இல் முதல் உலக யுத்தம் மூண்டது. குண்டுமழைக்கு நடுவே பதுங்குகுழிகளிற் பல மாதம் கிடந்த வீரர் பலர் உடம்பிற் காயமின்றியே நடுக்கமும் ஊமையும் உறக்கமின்மையும் உற்றனர். இந்நோயைக் கோழைத்தனம் என்று பழித்தோர் பலர். மின்சாரத்தைப் பாய்ச்சிப் பேசச்செய்த மருத்துவரும் உண்டு. ரிவர்ஸ் 1915-இல் லிவர்பூல் அருகேயுள்ள மாகல் இராணுவ மருத்துவசாலையிலும், 1916 முதல் எடின்பரோ அருகேயுள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவசாலையிலும் இவர்களுக்குச் சிகிச்சை செய்தார். அவருடைய கருவி செவியே. நோயாளர் தம் கனவையும் அச்சத்தையும் கூற, அவர் பொறுமையாகக் கேட்டார். வியன்னா நகரத்துப் பிராய்டு கண்ட மறைமனக் கொள்கையில் தமக்கு மெய்யெனத் தோன்றியதைக் கொண்டு, தோன்றாததைத் தள்ளினார். 1917 மார்ச்சில் எடின்பரோவில் ஓர் அவையில் அதனை விளக்கியும் பேசினார்.

1917-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4-ஆம் நாள், இலண்டனில் அரச மருத்துவச் சங்கத்தின் மனநோய்ப் பகுதியில் மருத்துவர் கூடினர். அவர் முன்னிலையில் ரிவர்ஸ் ஒரு கட்டுரை வாசித்தார். யுத்த அனுபவத்தை அடக்கி வைத்தல் என்பது அதன் பொருள். அந்நாளில் நோயாளரிடம் மருத்துவரும் சுற்றத்தாரும் கூறியது ஒன்றே: நடந்ததை மறந்துவிடு, வேறு நினைவு கொள் என்பது. அவ்வறிவுரையே நோயை வளர்க்கின்றது என்று அவர் எடுத்துரைத்தார். கொடிய நிகழ்ச்சி தன்னளவில் நோய் செய்வதினும், அதனை நினைவினின்றும் துரத்த ஓயாது செய்யும் முயற்சியே பெருந்தீங்கு செய்கின்றது; பகலில் துரத்தப்பட்டது இரவிற் கனவாய் இருமடங்கு வலியுடன் திரும்புகின்றது என்பது அவர் கண்ட உண்மை.

இதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டுகள் அவர் கையாண்ட நோயாளரே. ஓர் இளைய அதிகாரி தம் நண்பரைத் தேடிச்சென்று, குண்டினாற் சிதறிய அவர் உடலைக் கண்டார். அதனை மறக்கப் பகலெல்லாம் போராடினார். இரவெல்லாம் அச்சிதைந்த உருவமே கனவில் வந்தது. ரிவர்ஸ் அவரை அக்காட்சியை நினைக்குமாறே கூறி, உடல் அவ்வாறு சிதறியமையே நண்பர் நோவின்றி ஒரு நொடியில் உயிர்துறந்ததற்குச் சான்று என்று காட்டினார். அதன்பின் அவர் கனவில் நண்பர் வந்தார், ஆனால் அச்சம் வரவில்லை, துயரமே வந்தது. அத்துயரம் தாங்கத்தக்கதாயிருந்தது.

அத்துடன் அவர் அமர்ந்திருப்பின் அவையோர் மகிழ்ந்து கலைந்திருப்பர். அவரோ தாம் தோற்ற செய்தியையும் அவ்வவையிலேயே வைத்தார். வேறோர் அதிகாரி வெடியால் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணமொன்றின்மேல் முகம்பட வீழ்ந்தவர். அவ்வனுபவத்தில் ஆறுதல் தரும் பக்கம் ஒன்றையும் ரிவர்ஸால் காணக்கூடவில்லை. நினைத்துப் பார் என்னும் மருந்து அவருக்குப் பயன்படவில்லை; சேனையை விட்டுக் கிராமத்து அமைதியை நாடுதலே அவருக்கு வழியாயிற்று. மறக்க முயல்வது தீது என்றமையால் ஓயாது அதனையே நினைந்திருத்தல் நன்று என்று கொள்ளலாகாது என்றும் அவர் எச்சரித்தார். அக்கட்டுரை 1918 பிப்ரவரியில் லான்செட் என்னும் மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. புதிய கொள்கையொன்றை அவையில் வைப்போர், அது வென்ற இடங்களோடு அது நில்லாத இடத்தையும் கூறவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்றை நாம் அறியோம்.

அவர் உள்ளத்தையே வாட்டிய பொருளொன்று இதனுள் இருந்தது. குணமடைந்தவர் மீண்டும் போர்முனைக்கு அனுப்பப்படுவர், குணப்படுத்துவோர் இவரே. 1917 ஜூலையில் சீக்ஃப்ரீட் சஸ்ஸூன் என்னும் கவிஞர், யுத்தம் வீணே நீட்டப்படுகின்றது என்று வெளிப்படையாக எதிர்த்தமையால் கிரெய்க்லாக்கார்ட்டுக்கு அனுப்பப்பட்டார். அவரிடம் மனநோய் இல்லை என்பதை ரிவர்ஸ் விரைவில் அறிந்தார். இருவரும் பலநாள் பேசினர், நண்பராயினர். முடிவில் சஸ்ஸூன் தம் வீரரிடம் திரும்பத் தாமே இசைந்தார். 1918-இல் தலையிற் காயமுற்று உயிர்தப்பினார். நோயாளரின் வாதம் மருத்துவரையும் அசைத்தது என்பதற்கு ரிவர்ஸின் கனவொன்றே சான்று. கனவைப் பற்றிய தம் நூலில், யுத்தத்தைக் குறித்துத் தமக்குள் நிகழ்ந்த போராட்டத்தைக் காட்டும் அக்கனவை அவர் ஒளிவின்றி ஆராய்ந்துள்ளார்.

1917-இன் இறுதியில் விமானப் படையினரின் மருத்துவசாலைக்கு மாறியபின் அச்சத்தைப் பற்றி அவர் இன்னுமோர் உண்மை கண்டார். விமானத்தைத் தம் கையால் ஓட்டுவோரைக் காட்டிலும், கட்டப்பட்ட பலூனில் ஒன்றும் செய்ய இயலாது அமர்ந்து நோட்டம் பார்ப்போரே மனநோய்க்கு மிகுதியாக ஆளாயினர். அபாயத்தின் அளவன்று, கையிற் செயல் உண்டா என்பதே பெரிது. இதனைப் படிக்கையில் நம் பழைய முத்துக் குளிப்பு நினைவிற்கு வருகின்றது. சுறாவின் வாயைக் கட்டவல்லார் என்று நம்பப்பெற்ற கடல்கட்டி மந்திரம் ஓதாவிடின் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தனர். மந்திரத்தில் நம்பிக்கையற்ற சர்க்காரும் அவருக்கு ஊதியம் அளித்துவந்தது. ஆகவே நம் முன்னோர் நெஞ்சு அச்சம் அறியாதது என்பது கதையே. அவர்கள் அச்சத்தை அறிந்தனர், மறைக்கவில்லை, அதற்கு ஓர் இடமும் ஒரு சடங்கும் தந்து, கயிற்றைப் பிடிக்க நம்பிக்கையுள்ள ஒருவனை மேலே வைத்துத் தம் தொழிலைச் செய்தனர். அஞ்சாமையினும் இது பெரிதன்றோ?

யுத்தம் ஓய்ந்தபின் ரிவர்ஸ் கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குத் திரும்பி, மாணாக்கரோடு மனங்கலந்து பழகினார். முன்பு ஒதுங்கிய இயல்பினரான அவர் எவரும் அணுகத்தக்கவரானார் என்று உடனிருந்தோர் கூறுவர். அவரிடம் கற்க வந்த இந்தியருள், பின்னாளிற் பம்பாயிற் சமூகநூலை வளர்த்த கோவிந்த சதாசிவ குர்யே ஒருவர். 1920-இல் இயல்பூக்கத்தையும் மறைமனத்தையும் பற்றிய நூலை வெளியிட்டார். தொழிற் கட்சியின் சார்பிற் பாராளுமன்றத்திற்கு நிற்கவும் இசைந்திருந்தார். அந்நிலையில் 1922 ஜூன் மாதம் 4-ஆம் நாள், குடலிறக்கம் நெரிபட்ட திடீர் நோயால் கேம்பிரிட்ஜில் மாண்டார். வயது 58. அவ்வாண்டு ஹல் நகரிற் கூடிய பிரிட்டிஷ் சங்க மகாநாட்டின் உளநூற் பகுதியில், அவர் மாணாக்கர் மயர்ஸ் தம் தலைமையுரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் ரிவர்ஸ் அச்சாஸ்திரத்திற்கு ஆற்றிய தொண்டேயாகும்.

நம் நாட்டிலும் அச்சாஸ்திரம் வேரூன்றியது. 1916-இற் கல்கத்தா சர்வகலாசாலையில் நரேந்திரநாத் சென் குப்தா தலைமையில் உளநூற் பகுதி அமைந்தது. 1925-இல் இந்திய விஞ்ஞான மகாநாட்டில் உளநூலுக்குத் தனிப்பகுதி வகுக்கப்பட்டது. 1943-இற் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. டி. போவாஸ் அத்துறையைத் தொடங்கினார். நம் குடாக்கடலின் அக்கரையில், யாழ்ப்பாணத்து மனநோய் மருத்துவர் தயா சோமசுந்தரம் உள்நாட்டு யுத்தத்தால் தமிழ் மக்கள் உள்ளத்தில் ஏற்பட்ட வடுக்களை ஆராய்ந்து 1998-இல் நூலாக்கினார். 1917 டிசம்பரில் எழுந்த கேள்வி இவ்வாறு நம் வாயிலுக்கே வந்துவிட்டது.

அது இன்னும் நம் வாயிலில் நிற்கின்றது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கித் தமிழகக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. 2017 நவம்பரில் ஒக்கிப் புயலிற் சிக்கிய குமரிக்கரை மீனவர் பலர் வீடு திரும்பவில்லை. திரும்பியோரிடமும், கணவனையோ மகனையோ இழந்தோரிடமும் நாம் அன்பினாற் கூறும் சொல் யாது? மறந்துவிடு என்பதே. அச்சொல் அன்பினின்று பிறந்ததாயினும் மருந்தாகாது என்பதை ரிவர்ஸ் காட்டினார். கூறுவோரைக் கூறவிட்டு, அருகமர்ந்து கேட்டு, துயரத்தினுள்ளே தாங்கத்தக்க ஒரு பக்கம் உண்டாயின் அதனைச் சுட்டுதலும், இல்லையாயின் இல்லையென்று ஒப்பி உடனிருத்தலுமே நாம் செய்யத்தக்கது. ஆழத்தில் இறங்கியவன் மேலேற, மேலே ஒருவன் கயிற்றை விடாது பிடித்திருக்கவேண்டும்.

நம் மாணவருட் சிலர் நாளை மகாநாடுகளில் தம் ஆராய்ச்சியை வாசிக்கப் போகின்றனர். நா தடுமாறுமே என்று அஞ்சுவோர் ரிவர்ஸை நினைவார்களாக. அளந்ததைச் சொல்லுதல், அளவாததைச் சொல்லாதிருத்தல், தோற்றதை மறையாமை, பிழையுணர்ந்தால் அவையறிய மாறுதல் ஆகிய நான்கும் உடையார்க்குத் திக்குவாய் ஒரு குறையன்று. அவை இல்லாதார்க்கு நாவன்மை ஒரு நிறைவும் அன்று.